கூரைக்கும் கட்டிலுக்கும் நடுவே

கைப்பேசித் திரையில் அந்த நீல மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் சத்தியசீலனுக்குச் சோறு தொண்டையில் இறங்கியது. நேற்றிரவு முழுக்க அப்பாவுக்கு இழுத்துக்கொண்டிருந்த மூச்சு, இன்று சீராக இருந்தது.

கூலிம் தொழிற்சாலையில் அவன் சோதித்து அனுப்புவதே இந்தக் கேமராக்களைத்தான். லேசர் ஒளி போய்ப் பட்டுத் திரும்பிவர ஆகும் நேரத்தை வைத்து, எதிரே இருப்பது எவ்வளவு தூரம் என்று அது சொல்லிவிடும். மார்பு ஒரு விரற்கடை உயர்ந்தாலும் தெரியும்.

செமிலிங் வீட்டில், அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒன்றைப் பொருத்தியபோது மனைவி ரூபினி தடுத்தாள்.

"மாமாவுக்கு உடம்பு தொடச்சு விடுற ரூம்ங்க. கேமராலாம் வேணாம்."

"மூஞ்சி, துணி ஒன்னும் தெரியாதுலா. வெறும் நீல உருவந்தான். எவ்ளோ தூரம்னு மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

அப்பா வீரசாமிக்கு நுரையீரல் கெட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவமனை அனுப்பிவிட்டது. இன்று லீவு போடத்தான் இருந்தான். "போய்ட்டு வாடா. வரும்போது மெதுவா வா," என்று மூச்சுக்கு நடுவே அவர்தான் விரட்டினார்.

அம்மா போய்விட்டாள் என்ற செய்தி கேட்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்த அண்ணன், வீடு வந்து சேரவேயில்லை. ஒரே வாசலில் இரண்டு பாடை. அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்த ஒரு பயம்தான்.

வேலை முடிந்ததும், திரையைப் பார்த்தபடியே ரூபினியை அழைத்தான். மணி அடித்ததும் நீல உருவத்தின் கை அசைந்தது. சத்தத்தில் அப்பாவை எழுப்பிவிட்டோமே என்று நொந்துகொண்டான்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"இப்ப ஒரு கஷ்டமும் இல்லங்க."

"உன் குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"ராத்திரி தூங்கலல்ல, அதான். மழ தூறுது. மெதுவா வாங்க."

மெதுவாகத்தான் வந்தான். பீடோங்கில் நிறுத்தி அப்பாவுக்கு இளநீர்கூட வாங்கினான்.

வாசலில் அந்நியச் செருப்புகள் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி நின்றாள்.

அறைக்குள் ஓடினான். போர்வை விலகிக் கிடந்த கட்டிலின் ஓரத்தில் ரூபினி உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, கண்கள் வீங்கியிருந்தன.

"அப்பா எங்க?"

"பக்கத்து ரூம்ல கெடத்தியிருக்கோம். நீங்க வேலைக்குப் போன கொஞ்ச நேரத்துலயே போய்ட்டாரு." அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்து சேர்ற வரைக்கும் அவனுக்குத் தெரியக் கூடாதும்மான்னு கெஞ்சினாருங்க."

இளநீர்ப் பை கைநழுவித் தரையில் விழுந்தது.

"அப்ப... காலையிலேருந்து நான் பாத்த மூச்சு?"

"என்னோடதுங்க."