சாரதின் என்னும் புரதம்

"பொட்டும் வேணாம், எலுமிச்சம்பழமும் வேணாம். இது லாரி இல்ல, மைக்ரோஸ்கோப்!"

ஆயுத பூஜையன்று தட்டோடு வந்த துப்புரவுப் பணியாளர் நவமணி அக்காவை டாக்டர் முகுந்தன் விரட்டிவிட்டார். செல்லுக்குள் புரதங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று துல்லியமாகக் காட்டும் அந்தக் கருவி, மலேசியாவின் ஈப்போ ஆய்வகத்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் திரையில் எல்லாச் செல்லிலும் பச்சைப் புள்ளிகள் மின்னின.

"உலகத்துல யாருமே பார்க்காத புரதம்!" முகுந்தன் குதித்தார். "எங்கம்மா சாரதாதேவி. இதுக்குப் பேரு சாரதின்!"

மூன்றே நாளில் பதினெட்டுப் பக்கக் கட்டுரை தயார். அனுப்புவதற்கு முன், மாணவி மாதுமை செல்லே இல்லாத வெறும் கண்ணாடித் தகட்டை வைத்துப் பார்த்தாள். அதிலும் சாரதின் இருந்தது.

"சார், இது புரதம் இல்ல லா. மஞ்சத்தூள். லேசர் பட்டா பச்சையா மின்னும்."

"கூப்பிடு அந்த நவமணிய!"

அக்கா துடைப்பத்தோடு வந்தார்.

"நான் வைக்கல சார். பூஜை அன்னிக்குக் காலையில நீங்களே கண்ணாடிக் கதவச் சாத்திக்கிட்டு, லென்ஸுக்குக் கீழ மஞ்சப் பொட்டு ஒன்னு வச்சுக் கும்பிட்டீங்கல்ல? அதுவே போதும்னு விட்டுட்டேன் லா."