ஆளுக்கு ஒரு துண்டு

நிறுவனத்தின் இயக்குநரானபின் மகள் யோரினின் ஏழு பிறந்தநாள்களைத் தவறவிட்ட ஹில்கெ, எட்டாவதற்கு க்ரோனிங்கன் நகர வீட்டுக்கு நேரத்தோடு வந்துவிட்டாள். மகள் கோபித்துக்கொள்வாளோ என்று தயங்கியபடியே உள்ளே நுழைந்தாள். வட்டமாக நாற்காலி போட்டுச் சொந்தங்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஹில்கெ கேக்குக்குக் கை நீட்டினாள்.

"அம்மா! ஆளுக்கு ஒரு துண்டுதான். நீ சாப்பிட்டாச்சு!" என்று சிரித்தாள் யோரின்.

"இப்பதானேடி உள்ள வர்றேன்?"

"அப்போ காலையிலேர்ந்து பலூன் ஊதினது யாராம்?" என்றான் கணவன் ஏல்கோ.

காலி நாற்காலியில் ஒரு தட்டு இருந்தது. ஹில்கெ எப்போதும் ஒதுக்கும் செர்ரி அதன் ஓரத்தில் கிடந்தது.

"வருஷா வருஷம் நீதானே ஊதுற! போனாப் போகுது, இன்னொரு துண்டு எடுத்துக்கோ." மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மகளுக்குக் கோபமில்லை என்ற நிம்மதியில் ஹில்கெ மனம்விட்டுச் சிரித்தாள். சமையலறையில் காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த இன்னொரு ஹில்கெயும் அதே சிரிப்பைச் சிரித்தாள்.