பத்தாவது தொப்பி

"மில்ரன் மாத்தயா வீட்டில இருக்கிறதா?"

ஒட்ட வெட்டிய தலைமுடியும் சிங்களம் கலந்த தமிழுமாக வாசலில் நின்றவர் யாரென்று பிறின்சிக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. சீஐடியேதான். பெரிய அலுமாரியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை சேர். கடலுக்குப் போயிட்டார்."

"இவர்கிட்ட எத்தனை ஆமித் தொப்பி இருக்கு?"

அவர் நீட்டிய போனில், ஒன்பது இரும்புத் தொப்பிகளுக்கு நடுவில் மில்ரன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். பேஸ்புக்கில் போடவேண்டாமென்று அந்த மனுசனிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள்!

"சேர், அது இஞ்சத்தைய சண்டைத் தொப்பியில்லை. அமெரிக்கன்ர. உலக யுத்தத்தில போட்டது. விடத்தல்தீவில மற்ற ஆம்பிளையள் வலை வாங்குவினம், இந்த மனுசன் தொப்பி வாங்குது. என்ர சீலை வைக்க அலுமாரியில இடமில்லை. நான் சொன்னாக் கேட்டாத்தானே?"

வந்தவரின் முகம் வாடியது. பையிலிருந்து பழைய தொப்பியொன்றை எடுத்தார்.

"இதுவும் அமெரிக்கன். பைலட் தொப்பி. மாத்தயா மூணு வருசமா பேஸ்புக்கில கேட்டது. தபால்ல போட்டா நசுங்கும். அதான் கண்டியில இருந்து நானே கொண்டு வந்தது. அவர் இல்லைதானே, நான் போறது."

தொப்பியை அவர் திரும்பப் பைக்குள் வைத்தபோது, பிறின்சியின் முதுகுக்குப் பின்னால் இரும்புத் தொப்பிகள் கடகடவென்று உருண்டன.

"சேர், போகாதேங்கோ!" என்றது அலுமாரி.

பிறின்சி தலையில் அடித்துக்கொண்டாள். கைக்குள் பொத்தி வைத்திருந்த சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பினாள்.

"கடலுக்குப் போனவர் வந்திட்டார், சேர்."