பென்குயின் புகுந்த வீடு

“ஒரு வயசானவங்க சந்தோஷத்தைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, எப்படிம்மா உனக்குத் தூக்கம் வருது?”

மகள் இன்னும் குடையைக்கூட மடக்கவில்லை. அதற்குள் இந்த ஞாயிறும் தம்பி மனைவியைப் பிடித்துக்கொண்டாள். தம்பி வழக்கம்போல் குளியலறையில் தஞ்சம் புகுந்திருந்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. கூடத்து நாற்காலியில் அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தொரு ஆண்டு தலைமைச் செவிலியாக இருந்து, வார்டு முழுவதையும் கண்ணசைவிலேயே ஆண்டவள் அம்மா. ஓய்வுபெற்ற பின் அவளுக்கு வாய்த்த ஒரே பொழுதுபோக்கு, கணினியில் கார்ப் பந்தயம். மேசையில் ஸ்டியரிங்கைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்தால், இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள். அந்தக் கணினியிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு, ஆறு வாரத்துக்கு முன் மருமகள் பென்குயின் சின்னம் கொண்ட லினக்ஸைப் போட்டுவிட்டாள்.

“இதுல என் காரு ஓடாதாம்டி,” என்றாள் அம்மா தழுதழுத்து. “திரையில ஒரு பென்குயின் உட்கார்ந்திருக்கு. அது என்னைப் பார்க்குது, நான் அதைப் பார்க்கிறேன். பொழுது போயிடுது.”

மகள் குனிந்து அம்மாவை அணைத்துக்கொண்டாள். கைக்குட்டையில் குப்பென்று வெங்காய வாடை. அடிப்பாவி, சமையல் வேலையையும் அம்மா தலையிலா கட்டுகிறாள்!

“பழைய கம்ப்யூட்டர் அண்ணி, ரொம்ப மெதுவா ஓடிச்சு. வைரஸ் தொல்லை வேற. லினக்ஸ்னா லேசா ஓடும்,” என்றாள் மருமகள், தரையைப் பார்த்தபடி.

“லேசா ஓடுதா? எதுவுமே ஓடலையே!” என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. மாப்பிள்ளைதான். வந்ததும் வராததுமாகக் கணினிமுன் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

அவருக்கும் இது பேரிழப்புதான். வீட்டில் அவருக்கு இருப்பது அலுவலக மடிக்கணினி. அதில் படம் இறக்கினால் மேலதிகாரி வாலை ஒட்ட நறுக்கிவிடுவார். ஆகவே லினக்ஸ் வரும்வரை ஞாயிறுதோறும் காலை ஒன்பதுக்கே மாமியார் வீட்டுக்கு வந்து, நாள் முழுக்கப் படங்களை இறக்கி, இடையிடையே மாமியாரின் காரிலும் நான்கு சுற்று ஓட்டி, இருட்டிய பிறகே எழுந்திருப்பார். குடும்பத்தோடு இவ்வளவு ஒட்டுதல் உள்ள மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பார் என்று மகளுக்கு உள்ளூரப் பெருமை.

“படம் இறக்குற புரோகிராம் இந்த வாரமும் வரலையாம்மா?”

“அது விண்டோஸுக்கு உள்ளது அண்ணா. இதுல வராது.”

“எப்ப வரும்?”

“தெரியலையே அண்ணா.”

மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, கிளம்பலாமா?”

மகளுக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, துணிமணியை எடுத்து வை. எங்க வீட்டுக்கு வந்துடு. உனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரச் சொல்றேன். இவரும் நீயும் நாள் முழுக்க விளையாடலாம்.”

அம்மாவின் கண்ணீர் சட்டென்று நின்றது.

“ஐயையோ, வேண்டாம்டி! இந்தப் பென்குயினும் பழகிடுச்சு. பார்க்கப் பார்க்க லட்சணமாத்தான் இருக்கு.”

பாவம், மருமகளுக்கு எவ்வளவு பயந்து போயிருக்கிறாள்!

“அப்பா போட்டோவாவது மிச்சம் இருக்கா, இல்லை அதையும் துடைச்சுட்டியா?” என்று மகள் திரும்பினாள்.

“பத்திரமா இருக்கு அண்ணி. ‘பொது’ன்னு ஒரு ஃபோல்டர் வெச்சிருக்கேன். அத்தை கம்ப்யூட்டர்ல இருந்தும் திறக்கலாம், என்னோடதுல இருந்தும் திறக்கலாம். பென் டிரைவ் குடுங்க, நான் போட்டுத் தர்றேன்.”

“நீ தொட்டதெல்லாம் போதும். நானே எடுத்துக்கறேன்.”

“போட்டோவை மட்டும் எடுங்க அண்ணி…”

“எதை எடுக்கணும்னு எனக்குத் தெரியும்!” என்று, ‘பொது’வை முழுசாக அப்படியே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியிலேயே சித்திக்கும் பெரியம்மாவுக்கும் போன் செய்து, மருமகளின் கொடுமையை ஒன்றுவிடாமல் ஒப்பித்து முடித்தாள். “அம்மா வாயைத் திறக்கவே நடுங்குறாங்க சித்தி!”

மதியம் பென் டிரைவை மடிக்கணினியில் செருகினாள். அப்பாவின் புகைப்படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே ‘ஞாயிறு’ என்று ஒரு கோப்பு. திறந்தாள்.

வார்டில் குறிப்பெழுதிப் பழகிய அம்மாவின் பாணி. நேரம் போட்டு, வேலையை எழுதி, முடிந்ததற்கு முடிந்தது என்று குறித்திருந்தாள்.

‘8.30: ஸ்டியரிங்கைப் பரண்மேல் ஏற்றுதல். முடிந்தது.

8.40: கார் விளையாட்டைத் திரையிலிருந்து மறைத்தல். பென்குயின் மட்டும் தெரிய வேண்டும். முடிந்தது.

8.50: கைக்குட்டையில் வெங்காயம் தேய்த்தல். முடிந்தது.

9.00: மருமகளைப் பற்றி அழுதல். வாய் கூசுகிறது. ஆனால் மாப்பிள்ளையிடம் ‘வாராவாரம் வராதீர்கள்’ என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல முடியுமா? லினக்ஸ் போட்டதிலிருந்து பத்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்.

10.30: மருமகளுடன் பந்தயம். போன வாரம் அவள் ஜெயித்தாள். விடக் கூடாது.’

மகளின் காது மடல் சூடேறியது. பட்டியலுக்குக் கீழே வேறொரு நிறத்தில் இரண்டு வரி இருந்தது. அது மருமகள் எழுதியது.

‘அத்தை, போன வாரம் நீங்க என்னைத் திட்டினது பத்தவே இல்லை, அண்ணிக்குச் சந்தேகம் வந்துடும். எனக்காகப் பார்க்காம, இந்த வாரம் இன்னும் கொஞ்சம் நல்லாத் திட்டுங்க.’