ஏழில் ஒரு பங்கு வலி

காலை எட்டு மணிக்கு மயூரி கையிலிருந்த பட்டையைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அடுத்த நொடியே இடுப்பு வலி ஏழு மடங்காகத் திரும்பி வந்தது.

வரட்டும். இருபத்து மூன்று வயதில் அவளைப் பிடித்த இந்த வலியை, அவளோடு பனியன் கம்பெனியில் தைக்கும் ஆறு பெண்கள் இரண்டு வருடமாகப் பங்கு போட்டுச் சுமக்கிறார்கள். கையில் மாட்டியிருக்கும் வரை ஒருத்தி வலியை எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கும் பட்டை அது; ஆளுக்கொரு பட்டை, ஆளுக்கு ஏழில் ஒரு பங்கு. 'எல்லாருக்கும் நான் பாரம்' என்ற நினைப்பு மூன்று வாரமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. இன்று வேலைக்கும் போகவில்லை.

எட்டேகாலுக்குக் கதவு தடதடத்தது. திறந்தால் ஆறு பேரும் நின்றார்கள். முன்னால் நின்ற ருக்மணியக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"ஏம்புள்ள, எங்க பங்கு எங்கே?"

"என் வலி உங்களுக்கு எதுக்குக்கா? நிம்மதியா இருங்க."

"நிம்மதியா? இடுப்பு திடீர்னு சும்மா இருந்ததும் எனக்கு உசிரே போயிருச்சு. உனக்கு என்னாச்சோன்னு மிஷினை அப்படியே போட்டுட்டு ஓடியாறோம்!"

"பட்டை எங்கடி?" என்றாள் ஜெரினா. மயூரியின் கண் அரிசி டப்பா பக்கம் போனது. அது போதுமே! ஜெரினா டப்பாவைத் துழாவிப் பட்டையை எடுத்து அவள் கையில் மாட்டினாள்.

"அய்யோ!" என்று ஆறு பேரும் ஒரே நேரத்தில் இடுப்பைப் பிடித்தார்கள்.

மயூரிக்குச் சிரிப்பு பீறிட்டது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

"சிரிக்கிறா பாரு, கழுதை! பசிக்குது, உலையை வை," என்றாள் ருக்மணியக்கா.

மயூரி அதே டப்பாவிலிருந்து ஏழு பேருக்கு அரிசி அளந்தாள்.