மூன்று மாதப் பூ

“காசித்தும்பைக் கன்று எடுத்து வச்சிருக்கிறன், அக்கா,” என்றார் வெள்ளவத்தையில் பூங்கன்று விற்கும் நிலாம்.

“வேண்டாம். வருசக்கணக்காய்ப் பூக்கிற செடி தாங்கோ,” என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

“எட்டு வருசமா மூணு மாசப் பூதானே வாங்கினீங்க! ‘கனடா விசா வரப்போகுது, நிரந்தரச் செடி எதுக்கு?’ என்பீங்களே. விசா தரல்லியா?”

“தந்திட்டினம். அவருக்கும் பிள்ளையளுக்கும் எனக்கும்.”

“அல்ஹம்துலில்லாஹ்! அப்ப இதுக்குத் தண்ணி ஊத்துறது யாரு?”

“நான்தான்.”

அவள் எக்ஸோரா என்ற வெட்சிக் கன்றொன்றைத் தூக்கி, அதன் வேரைக் கவனமாகப் பார்த்தாள்.

“அவையள் ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுகினம். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற என்ர மாமிக்குத்தான் விசா கிடைக்கேல்லை. இதிலே இன்னும் இரண்டு கன்று வையுங்கோ, நிலாம்.”