உப்பு கம்மி

பழைய நிறுவனத்தின் சமூக வலைத்தளத்தை விட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு சொந்தக் கணினிப் பெட்டி வைத்துப் பேசிக்கொள்ளும் புதிய இணைய வலைக்குத் தூத்துக்குடியே மாறிக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவின் சமையல் படங்கள் எல்லாம் வந்துவிட்டன. அவற்றின் கீழே, இறந்துபோன கணவன் ரெக்ஸன் எழுதியவை மட்டும் வரவில்லை. பின்னூட்டங்களைக் கொண்டுவர எழுதியவர் சம்மதிக்க வேண்டும். இறந்தவர் என்றால் அவர் குறித்துவைத்த ஆள். கல்யாணத்துக்கு முன்பு தன் தங்கை மெர்லின் பெயரைக் கொடுத்தவன், மாற்ற மறந்திருந்தான். அவன் அடக்கத்தன்று மூண்ட சண்டையிலிருந்து ஜெசிந்தாவுக்கு மெர்லினோடு மூன்று வருடமாகப் பேச்சில்லை.

ஜெசிந்தா வீம்பை விட்டு மெர்லினிடம் சம்மதம் கேட்டாள். ஐந்தே நிமிடத்தில் படத்துக்குப் படம் அவன் கேலி வந்து நிறைந்தது: “உப்பு கம்மி.” “உப்பு கம்மி.”

கடைசிப் படத்தின் கீழே மெர்லின் புதிதாக எழுதியிருந்தாள்:

“அண்ணன் பொய் சொல்லுதான் மதினி. ஞாயித்துக்கெழம வாரேன், மீன்கொழம்பு வைங்க.”